குமரியின் கையில் ஜெபமாலை



நவராத்திரியின் இரண்டாம் நாள் காலையில் உங்கள் புலனக் குழுக்களுக்கும் அந்தப் படம் கட்டாயம் வந்திருக்கும். வெள்ளைச் சேலை, வெறுங்கால், வலக்கையில் ஜெபமாலை, இடக்கையில் கமண்டலம். கீழே ‘பிரம்மசாரிணி’ என்று பெயர். நவதுர்க்கை வரிசையில் இரண்டாவது தேவி, தவத்துக்கு உரியவள். நம் பாட்டிமார் காலத்தில் இந்த ஒன்பது பெயர் வரிசை இங்கே அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று நாள் லட்சுமி, கடைசி மூன்று நாள் சரஸ்வதி, கொலுவும் சுண்டலும். நாளுக்கு ஒரு பெயர், நாளுக்கு ஒரு நிறம் என்பதெல்லாம் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்தவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஜெபமாலை ஏந்திய தேவி என்றதும், வடக்கிலிருந்து வந்த அந்தப் படத்தை விட நமக்கு மிகப் பழைய, மிக நெருக்கமான ஒருத்தி இருக்கிறாள். தமிழ் நிலத்தின் தென்கோடியில், கடலைப் பார்த்து நிற்கிறாள். கன்னியாகுமரி அம்மன்.

படிவம் 3 வகுப்பில் அந்தக் கோயில் கதையைச் சொன்னேன். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கன்னிப்பெண் ஒருத்தியால் மட்டுமே தனக்குச் சாவு என்று வரம் வாங்கிய பாணாசுரன் ஆட்டம் போடுகிறான். பராசக்தி குமரியாகப் பிறக்கிறாள். சுசீந்திரத்துச் சிவன் அவளை மணக்க விரும்புகிறார். விடிவதற்குள் முகூர்த்தம். கல்யாணம் நடந்துவிட்டால் அசுரன் சாக மாட்டானே! நாரதர் சேவலாக மாறி நடு இரவிலேயே கூவிவிடுகிறார். பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்த மாப்பிள்ளை வந்த வழியே திரும்பிப் போகிறார். விருந்துக்குக் கொட்டி வைத்த அரிசியும் பருப்பும் மணலாகிப் போகின்றன. குமரி கன்னியாகவே நின்று தவம் செய்கிறாள். பிறகு, தன்னைக் கட்டாயப்படுத்த வந்த பாணாசுரனைக் கொல்கிறாள். கடற்கரையில் இன்றைக்கும் வண்ண மணல் பொட்டலம் கட்டி விற்கிறார்கள், அந்தக் கல்யாண அரிசி என்று. நானும் ஒரு விடுமுறையில் போனபோது வாங்கி வந்தேன். வகுப்பில் காட்ட உதவும், இல்லையா?

மணலைக் கையில் ஏந்திப் பார்த்த ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அவங்க கல்யாணம்தான் நின்னு போச்சே. ஏமாந்துட்டாங்க. அப்புறம் எதுக்கு அதைக் கொண்டாடுறாங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ‘பொறுமையின் சின்னம்மா அது’ என்று சொல்லிச் சமாளித்தேன். சொன்ன உடனேயே எனக்கே பிடிக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணிடம், உனக்கு நடந்த ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொள், அதற்குப் பெயர் தவம் என்று சொல்வதா? வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தேன். அப்படித் தேடிக் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குமரித் தேவியைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய வெளிநாட்டுக் குறிப்பு, ஒரு வணிகனின் கையேட்டில் இருக்கிறது. ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்பது அதன் பெயர். கி.பி. முதல் நூற்றாண்டு, கிரேக்க மொழி. எழுதியவர் பெயர் தெரியாது. எகிப்திலிருந்து கப்பல் வணிகம் செய்தவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. எந்தத் துறைமுகத்தில் என்ன வாங்கலாம், எதை விற்கலாம், எங்கே மணல்திட்டு, எங்கே கொள்ளையர் பயம் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டே போகிறார். அந்தப் பழைய நூலைத் தாங்கிய 10ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி இன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருக்கிறது. முசிறியின் மிளகைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தெற்கே வருகிறார். ‘கொமரி’ என்ற இடம் வருகிறது. இங்கே திடீரென்று சரக்குப் பட்டியல் நின்றுவிடுகிறது. மிச்ச வாழ்நாளைப் புனிதமாகக் கழிக்க விரும்பும் ஆண்கள் இங்கே வந்து நீராடுகிறார்கள், மணம் இல்லாமல் வாழ்கிறார்கள். பெண்களும் அப்படியே செய்கிறார்கள். ஒரு தேவி ஒரு காலத்தில் இங்கே தங்கி நீராடினாள் என்று சொல்லப்படுகிறது. இவ்வளவுதான் அவர் எழுதியதன் சாரம். அடுத்த வரியிலேயே கொற்கை முத்துக்குளிப்புக்கும் பாண்டிய நாட்டுக்கும் போய்விடுகிறார்.

நான் இதைப் பலமுறை படித்தேன். ஒரு வணிகன், மதத்தைப் பற்றி எழுத வேண்டிய தேவையே இல்லாதவன், நின்று எழுதியிருக்கிறான். எழுதியதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். தேவி இருக்கிறாள். கடல் நீராடல் இருக்கிறது. மணம் வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்து வந்த ஆண்கள் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை இல்லை. சேவல் இல்லை. நின்றுபோன கல்யாணம் இல்லை. பாணாசுரனும் இல்லை.

உடனே, ‘கல்யாணக் கதை முழுக்கப் பின்னால் கட்டியது’ என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. துறைமுகத்தில் கேட்டதை மட்டும் குறித்துக்கொண்டு போன ஆள் அவர். உள்ளூர்க் கதை எல்லாவற்றையும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் ஓர் அந்நியன் கண்ணில் பட்டது எது? ஏமாந்த மணப்பெண் அல்ல. தேர்ந்தெடுத்த நோன்பு. என் மாணவியின் கேள்விக்கு இதைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும்.

நம் இலக்கியங்களும் குமரியை முதலில் நீராடும் துறையாகத்தான் அறிந்திருக்கின்றன. வேங்கடம் முதல் குமரி வரை என்று தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்துக்கு எல்லை வகுப்பது நமக்கு மனப்பாடம். சிலப்பதிகாரத்தில் மாடலன் குமரித் துறையில் நீராடிவிட்டுத்தான் மதுரைக்கு வருகிறான். மணிமேகலையில் வரும் சாலியின் கதை இன்னும் கூர்மையானது. அவள் வாரணாசியில் வாழ்ந்த அந்தணன் மனைவி. நெறி தவறிவிட்டாள். பயந்துபோய், பாவம் தீரக் குமரியில் ஆட வேண்டும் என்று அவ்வளவு தூரம் தெற்கே நடந்து வருகிறாள். வழியில் பிறந்த குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாள்; அந்தக் குழந்தைதான் ஆபுத்திரன், பின்னாளில் அமுதசுரபியைக் கையில் ஏந்தியவன். இன்றைக்குத் தென்னாட்டவர் பாவம் தீரக் காசிக்குப் போகிறார்கள். மணிமேகலையில் காசிக்காரி பாவம் தீரக் குமரிக்கு வருகிறாள். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே வகுப்பு நிமிர்ந்து உட்காரும், முயன்று பாருங்கள்.

பெயரும் பழசு. தைத்திரீய ஆரணியகத்தின் கடைசிப் பகுதியில் துர்க்கையைப் போற்றும் காயத்ரியில் ‘கன்யாகுமரி’ என்ற பெயரே வருகிறது. ஆக, கன்னித் தேவி வழிபாடு வடமொழி மரபிலும் இருந்தது, தமிழ்க் கரையிலும் இருந்தது. எது எதிலிருந்து வந்தது என்று வகுப்பில் சண்டை போட வேண்டாம். அந்த வாக்குவாதத்துக்கு முடிவே கிடையாது. நாற்பது நிமிடம் வீணாகும்.

சரி, சிலைக்கு வருவோம். கருவறையில் நிற்பவள் இளம்பெண். இரண்டே கைகள். வலக்கையில் ஜெபமாலை. இடக்கை தொடையை ஒட்டித் தொங்குகிறது. மூக்கில் மின்னும் மூக்குத்தி. ஆயுதம் எதுவும் இல்லை.

ஆயுதம் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரையில் மகிடாசுரனோடு போரிடும் துர்க்கையின் படம் பாடநூல்களிலும் இணையத்திலும் கிடைக்கும். அங்கே சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு, வில்லை வளைத்துக்கொண்டு வருகிறாள். அந்தப் படத்தையும் குமரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இருவரும் அசுரனைக் கொல்கிறவர்கள்தான். ஒருத்தியின் கை முழுக்க ஆயுதம். இன்னொருத்தி கையில் மணி மட்டும்தான். ஆயுதம் இருக்க வேண்டிய இடத்தில் ஜெபமாலை இருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அது சோகத்தில் உருட்டுகிற மாலை இல்லை. ஒரு காரியத்துக்காகத் தன்னைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒருத்தியின் கணக்கு.

இந்த மாலையின் வடமொழிப் பெயர் ‘அட்சமாலை’. ‘அ’ எழுத்தில் தொடங்கி ‘க்ஷ’ எழுத்தில் முடிகிற 50 எழுத்துகளே அதன் மணிகள் என்று மரபு விளக்கம் உண்டு. சரஸ்வதி கையில் இருப்பதும் இதே மாலைதான். தட்சிணாமூர்த்தி கையிலும் பார்க்கலாம். மொழி ஆசிரியருக்கு இதைவிடப் பிடித்த விளக்கம் கிடைக்குமா? எழுத்தை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், சலிக்காமல், திரும்பத் திரும்பத் தொடுவது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு நாம் உயிரெழுத்து எழுத வைப்பதும் அதுதானே. நான் இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு கிறிஸ்தவ மாணவன், “எங்க பாட்டியும் தினம் ஜெபமாலை உருட்டுவாங்க டீச்சர், யாரும் பேசக் கூடாது அப்போ” என்றான். வகுப்பில் எல்லாரும் ஒரே சமயத்தார் இல்லை. எனவே இதைப் பக்திப் பாடமாக நடத்தாமல், ஒரு பொருள் எப்படி ஒழுக்கத்தின் சின்னமாகிறது என்று நடத்துவது எனக்கு வசதியாக இருக்கிறது. அந்தப் பையனால்தான் அன்றைய பாடம் நன்றாகப் போனது.

மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதின, அதனால்தான் கிழக்கு வாசலை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை உண்டு. வாசல் சில விசேஷ நாள்களில் மட்டுமே திறக்கப்படுகிறது என்பது உண்மை. கப்பல் கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் பிடித்தது வேறு. தாலி இல்லாத கழுத்தைப் பற்றி ஊர் பேசவில்லை; மூக்குத்தியின் ஒளியைப் பற்றிப் பேசுகிறது.

தவம் செய்யும் தேவி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவள் பார்வதி. காளிதாசரின் குமாரசம்பவத்தில் ஐந்தாம் சருக்கம் முழுக்க அவளுடைய தவம்தான். தானே உதிர்ந்த இலையைக்கூட உண்ணாமல் விட்டதால் ‘அபர்ணா’ என்று பெயர் பெற்றாள். பர்ணம் என்றால் இலை. சென்னைக்குப் பக்கத்தில் மாங்காட்டில் காமாட்சி ஐந்து தீக்கு நடுவே ஒற்றைக் காலில் நிற்கிறாள். பிரம்மசாரிணி என்று நமக்கு வரும் படமும் பார்வதியின் அதே தவக்கோலம்தான். இவர்கள் எல்லாருடைய தவமும் திருமணத்தில் முடிகிறது. சிவனை அடையத்தான் தவம். குமரியின் தவம் அங்கே போய் முடியவில்லை. கதையின்படியே பார்த்தாலும், மணம் நடந்திருந்தால் அவள் வந்த வேலை கெட்டிருக்கும். ‘மணம் கைகூடத் தவம்’ என்ற பழகிய அச்சில் அவளைப் போட்டுப் பார்ப்பதால்தான் அவள் தோற்றவளாகத் தெரிகிறாள். என் மாணவியும் அந்த அச்சை வைத்துத்தான் கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது; நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்.

தவம் என்ற சொல்லையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். ‘தபஸ்’ என்றால் வெப்பம். வள்ளுவர் 27ஆம் அதிகாரத்தில் முதல் குறளிலேயே தவத்தின் வடிவத்தைச் சொல்லிவிடுகிறார்: தன் துன்பத்தைத் தாங்குவது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. இதைத்தான் நாம் எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறோம். அதே அதிகாரத்தில் நான்காவது குறளை அவ்வளவாகத் தொடுவதில்லை. பகைவரை அழிப்பதும் வேண்டியவரை உயர்த்துவதும் நினைத்தால் தவத்தால் முடியும் என்கிறார் அங்கே. தவம் என்பது வெறும் தாங்கல் இல்லை, அதற்குள் ஆற்றல் இருக்கிறது என்பதை வள்ளுவரும் ஒப்புக்கொள்கிறார். குமரியை விளக்க அந்த இரண்டு குறளும் சேர்ந்தே வேண்டும். 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை அவள் கோயிலுக்கு எதிரே கடலில் நிற்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லலாம்.

இன்னொரு சின்னத் தகவல், நம் ஊர்க்காரர்களுக்காக. குமரிக் கோயிலில் சோழன் வீரராசேந்திரனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டு. சோழர் குல வரலாற்றைப் புராண காலத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வருகிறது. இதே வீரராசேந்திரன் காலத்து வேறு கல்வெட்டில் கடாரத்தை வென்று அதன் அரசனிடமே திருப்பிக் கொடுத்த செய்தி வருகிறது. கடாரம் நம் கெடா. பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேவியின் கதையில் கடைசியாக ஒரு துறவி வருகிறார். கடலுக்குள் இருக்கும் அந்தப் பாறைக்கு ஸ்ரீபாதப் பாறை என்று பெயர். குமரி நின்று தவம் செய்த பாதத்தின் சுவடு அதில் இருப்பதாக நம்பிக்கை. 1892 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் அங்கே வந்தார். 1970இல் மண்டபம் கட்டித் திறந்த பிறகு, பாறை என்றாலே விவேகானந்தர் என்றாகிவிட்டது. தேவியின் பாதத்தைப் படகில் போகும் பலர் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். ஆனால் அவர் மறக்கவில்லை. 1894 மார்ச்சில் சிக்காகோவிலிருந்து எழுதிய கடிதத்தில், குமரி அம்மனின் கோயிலில், இந்தியாவின் கடைசிப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது தனக்கு ஒரு திட்டம் தோன்றியது என்கிறார். என்ன திட்டம் தெரியுமா? பலன் எதிர்பாராத துறவிகள் ஊர் ஊராகப் போக வேண்டும். போய்ப் பூசை செய்யவோ உபதேசம் செய்யவோ மட்டும் அல்ல. நிலப்படம், புகைப்படக் கருவி, பூகோள உருண்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஏழைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். பயிற்றுத் துணைப்பொருள் பட்டியல் மாதிரி இருக்கிறது, பாருங்கள். தவம் செய்த பாறையில் உட்கார்ந்தவருக்குத் தோன்றியது குகை இல்லை, வகுப்பறை.

விஜயதசமி அன்று குமரி அம்மன் ஊர்வலமாகப் புறப்பட்டு மகாதானபுரத்துக்குப் போகிறாள். பரிவேட்டை என்று சொல்கிறார்கள். பாணாசுர வதம் அங்கே நடத்திக் காட்டப்படும். ஆக, என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை விழாவிலேயே இருக்கிறது. ஊர் கூடிக் கொண்டாடுவது நின்றுபோன கல்யாணத்தை இல்லை. அவள் எதற்காக நின்றாளோ அந்த வேலை முடிந்ததை.

அடுத்த வாரம் வகுப்புக்கு இரண்டு தாள் தயார் செய்து கொண்டு போனேன். ஒன்றில் கோயில் கதை, இன்னொன்றில் அந்தக் கிரேக்க வணிகன் சொன்னதன் சாரம், எளிய தமிழில் ஐந்து வரி. இரண்டிலும் உள்ளவற்றைப் பச்சை நிறத்திலும், ஒன்றில் மட்டும் உள்ளவற்றைச் சிவப்பிலும் கோடிடச் சொன்னேன். தேவி, நீராடல், மணமில்லா வாழ்வு மூன்றும் பச்சையாயின. கேள்வி கேட்ட மாணவி தன் தாளில் ‘பெண்களும்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறகு கையைத் தூக்கினாள்.

“அப்படின்னா அந்தச் சேவல் எப்ப வந்துச்சு, டீச்சர்?”

மணி அடித்துவிட்டது. அதற்கு அடுத்த பாடவேளை முழுக்கச் சேவலுக்கே போய்விட்டது.